ஆசுப்பத்திரித் துணை

எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு நோய் வருத்தம் என்றால் முதலில் ஒரு மனிசருடைய வீட்டுக்குத்தான் ஆள் ஓடும். ஆசுப்பத்திரி எல்லாம் அதற்குப் பிறகுதான். அவர் தோய்த்து மடித்து வைத்திருக்கும் வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு கையில் சுடுதண்ணிப் போத்தலும் மறு கையில் சுருட்டிய பாயுமாக வருவார். அந்தச் சேட் ஆசுப்பத்திரிக்கு மட்டும்தான். கோயிலுக்குக்கூட அதைப் போடமாட்டார். வந்தவர் நோயாளியைப் பார்க்கமாட்டார், சுற்றி நிற்பவர்களைத்தான் பார்ப்பார்.

"ஆர் ஆர் வாறியள்? ஏறுங்கோ, கெதியா ஏறுங்கோ. ஆளைத் தனிய விடக்கூடாது."

விசுவமடுவில் அந்தக் காலத்தில் எங்கள் பாதையால் ஒரு நோயாளி தனியாக ஆசுப்பத்திரிக்குப் போனதாக எனக்கு நினைவில்லை. உழவு மெசினின் பெட்டியில் வைக்கோலைப் பரப்பி, மேலே அவருடைய பாயை விரித்து ஆளைக் கிடத்துவோம். சுற்றிவர நாங்கள் இருப்போம். சொந்தக்காரர், அயலட்டை, வயலில் கூட வேலை செய்தவர்கள், போகிற வழியில் கையைக் காட்டி ஏறியவர்கள். கிணற்றில் விழுந்த ஆட்டைத் தூக்கப் போகிற கூட்டம் மாதிரி இருக்கும்.

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. முன்பென்றால் எங்கள் ஆட்கள் வாசித்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தது. இப்போது வாசிப்பதற்கு அவர்களில் அநேகம் பேர் இல்லை. இருந்தாலும் எழுதமாட்டேன். அப்போது எல்லாரும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டோம். அவரைவிட மூத்த கிழவர்களும் அண்ணை என்றுதான் சொன்னார்கள்.

ஆசுப்பத்திரியில் டொக்டர் நோயாளியைப் பார்த்துக் கேட்பார். பதில் அண்ணையிடமிருந்து வரும்.

"எத்தினை நாளாக் காய்ச்சல்?"

"முந்தநாள் பின்னேரம் தொடங்கினது டொக்டர். இவன் உங்களுக்கு நேற்று எண்டு சொல்லுவான், நம்பாதேங்கோ. முந்தநாள் கள்ளுக் குடிச்சவன், அதை மறைக்கிறான்."

நோயாளி கட்டிலில் கிடந்தபடி கண்ணை மூடிக்கொள்வான். தாதிமார், நாங்கள் மிஸிமார் என்போம், வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். டொக்டருக்கு முன்னால் வெட்கம் பார்த்தால் சுடலையில்தான் போய்க் கிடக்கவேணும் என்பது அவருடைய சொல். அதை எத்தனையோ தரம், எத்தனையோ கட்டில்களுக்குப் பக்கத்தில் நின்று சொல்லியிருக்கிறார்.

அந்தச் சொல் பொய்யில்லை. எங்கள் பாதையில் ஒரு பெட்டை வீட்டுச் சண்டையில் வயலுக்கு வைத்திருந்த மருந்தைக் குடித்துவிட்டாள். தகப்பன் ஆசுப்பத்திரியில் வயிற்றுக்குத்து என்று சொன்னார். குமர்ப்பிள்ளை, ஊர் என்ன கதைக்கும் என்ற யோசனை அவருக்கு. அண்ணை வாட்டுக்கு நடுவில் நின்று அந்த மனிசனுடைய சேட்டைக் கொத்தாகப் பிடித்தார்.

"வயித்துக்குத்தோ? பிள்ளையின்ர வாய் மணக்குது, உனக்கு மணக்கேல்லையோ? டொக்டருக்குச் சொல்லு. என்ன போத்தல் எண்டும் சொல்லு. சொல்லாட்டி நான் உன்னை இதில வைச்சு அடிப்பன்."

தகப்பன் அழுதுகொண்டு சொன்னார். பெட்டை பிழைத்தாள். பிறகு கலியாணமும் கட்டினாள்.

எனக்கும் அது நடந்தது. நான் கூச்சக்காரன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதும் பாதி அதனால்தான், வாத்தியார் எழும்பச் சொன்னால் தலையைக் குனிந்துகொண்டு இருந்துவிடுவேன். கவட்டுக்குள் ஒரு வீக்கம் வந்து, மூட்டை தூக்கினால் பெரிதாகி, படுத்தால் உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஒரு வருடம் ஒருவருக்கும் சொல்லவில்லை. நான் நடக்கிற நடையை வைத்து அவரே பிடித்துவிட்டார். ஆசுப்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய், வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கத்தக்கதாக, "டொக்டர், இவனுக்குக் குடல் இறங்கியிருக்கு. சொல்ல வெக்கப்பட்டு ஒரு வருசமாய்க் காவிக்கொண்டு திரியிறான்" என்றார். நான் நிலத்தைப் பார்த்தபடி நின்றேன். பெரிய ஆசுப்பத்திரிக்கு அனுப்பி வெட்டித் தைத்தார்கள். தையல் காயும்வரை அண்ணைமேல் கோபத்தோடு இருந்தேன். பிறகு நெல் மூட்டையைத் தோளில் வைத்து நடந்த அன்று கோபம் போய்விட்டது. கொஞ்சம் மிச்சம் இருந்தது என்பதும் உண்மைதான்.

மெசின்காரருக்கு நடந்ததுதான் எனக்கு அப்போதும் பிடிக்கவில்லை. மெசின்காரர் என்றது அந்த உழவு மெசினின் சொந்தக்காரரை. அவருக்குச் சீனி வருத்தம். கிளினிக்கில் டொக்டருடைய காதுக்குக் கிட்டக் குனிந்து ஏதோ கேட்டிருக்கிறார், மனைவியோடு இருக்க முடியவில்லை, அதற்கும் மருந்து இருக்கிறதோ என்று. பின்னால் நின்ற அண்ணைக்கு அது கேட்டுவிட்டது. திரும்பி வரும்போது மெசின்காரர் மெசினை ஓட்டுகிறார், நாங்கள் பெட்டியில் இருக்கிறோம். அண்ணை அங்கிருந்து சத்தமாகச் சொன்னார்:

"எங்கட மெசின்காரற்றை மெசின் நல்ல மெசின்தான். ஆனா இப்ப ஸ்ராட் எடுக்குதில்லையாம்!"

பெட்டி முழுக்கச் சிரிப்பு. மெசின்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்துப் பின்பக்கம் மட்டும் சிவந்து தெரிந்தது. மழைக்காலம் முடியும்வரை அவர் தேத்தண்ணிக் கடைப் பக்கம் வரவில்லை. அண்ணைக்கு அது விளங்கவேயில்லை. "நான் என்ன பொய்யே சொன்னனான்? வருத்தம் எண்டா வருத்தம்தானே. காய்ச்சல் எண்டு சொல்ல வெக்கப்படுறமோ?" என்று என்னிடம் கேட்டார். அவர் மனதில் வஞ்சகம் இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பு எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரியும். அதைக் கிளப்பிவிட்டவரே அவர்தான்.

அவர் இப்படி ஆனதற்கு ஒரு காரணம் உண்டு. முதல் மனைவி முந்திய ஓர் இடப்பெயர்வில், ஓர் ஆசுப்பத்திரி விறாந்தையில் செத்துப்போனா. இவர் தேத்தண்ணி வாங்கப் போயிருந்தார். வந்து பார்த்தபோது ஆரோ முகத்தை மூடியிருந்தார்கள். இதை அவர் ஒரேயொரு தரம்தான் சொன்னார், அதுவும் வயலில் வரம்பு கட்டிக்கொண்டு நின்றபோது. "பக்கத்தில ஒரு நாதியும் இல்லையடா தம்பி" என்றுவிட்டு மண்வெட்டியை எடுத்தார்.

சண்டை நின்று பாதை திறந்து, வவுனியாவுக்குப் போய்வரலாம் என்றான பிறகு அவர் இரண்டாம் கலியாணம் செய்தார். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனிக் குசினியில் கஞ்சி காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்த மனிசன். அவர் கட்டிய அக்காவும் புருசனை இழந்தவர், நாற்பது வயதளவில். அதிகம் கதைக்கமாட்டார். கோயிலில் தாலி கட்டினார்கள். மகளுக்கு விருப்பமில்லை, வந்து ஓரமாக நின்றுவிட்டுப் போனாள். மெசின்காரர் அன்றைக்கு நல்ல உசாராக இருந்தார். மணவறையில் வைத்தே கேட்டார்:

"என்ன அண்ணை, உங்கட மெசின் எப்படி? கன காலம் மழையில நிண்டது. ஸ்ராட் எடுக்குமோ?"

அண்ணைதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அதற்குப் பிறகு தேத்தண்ணிக் கடையில் இது தினக் கதையாகிவிட்டது. "அண்ணை, ஸ்ராட்?" என்று ஒருவர் கேட்பார். "ஒரு அடியில!" என்று இவர் சொல்லுவார். கொடுத்ததைத் திருப்பி வாங்குகிறார் என்று நானும் சிரித்திருக்கிறேன். சில மாதம் போக, கேள்வி வரும்போது அவர் கிளாசைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். அதை ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அடுத்த அறுவடைச் சூடடிப்பில் அவருக்கு நெஞ்சு பிடித்தது. இருதய வருத்தம் என்றார்கள். தினம் காலையில் போட ஒரு குளிசையும், நெஞ்சுக்குத்து வந்தால் நாக்குக்குக் கீழே வைக்கச் சின்னக் குளிசையும் கொடுத்தார்கள். மற்றவன் என்றால் மறைத்திருப்பான். இவர் அந்தச் சின்னப் போத்தலைக் கடையில் வைத்து எல்லாருக்கும் காட்டினார்.

"வடிவாய்ப் பாத்து வைச்சுக்கொள்ளுங்கோ. நான் எங்கையாவது விழுந்து கிடந்தா இதை எடுத்து நாக்குக்குக் கீழ வையுங்கோ. நெஞ்சைத் திறந்து விட்டிடும்."

நாங்கள் கையில் வாங்கி, உருட்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்தோம். அவருடைய அந்தக் குளிசையை எங்கள் பாதை முழுதுக்கும் தெரியும்.

ஒரு பின்னேரம், நல்ல வெயில். நான் அவர்களுடைய வேலிக்கு இந்தப் பக்கம் கதிகால் நட்டுக்கொண்டு நின்றேன். அக்கா தலைமயிரை முடிந்தபடி ஓடி வந்தா. "தம்பி, அவருக்கு நெஞ்சு பிடிக்குது. மெசினைக் கூப்பிடுங்கோ."

மெசின் உடனே வந்தது. அண்ணை தானே நடந்து வந்து பெட்டியில் ஏறினார். முகம் வியர்த்திருந்தது. சின்னப் போத்தல் மடிக்குள் இருந்தது, ஆனால் அதைத் திறக்கவில்லை. "நாக்குக்குக் கீழ வையுங்கோவன்" என்று நான் சொன்னேன். "ஆசுப்பத்திரியில பாப்பம்" என்றார். அதற்குள் எல்லாரும் ஏறத் தொடங்கிவிட்டார்கள். நஞ்சு குடித்த பெட்டையின் தகப்பன், கள்ளை மறைத்தவன், பாம்பு கடித்தபோது இவர் தூக்கிக்கொண்டு ஓடிய கிழவி, மகள், மருமகன், அவனுடைய தாய்.

"இத்தினை பேரும் ஏன் வாறியள்?" என்று அண்ணை கேட்டார். "எனக்கு ஒண்டுமில்லை. இறங்குங்கோ. தம்பி ஒருத்தன் வந்தாக் காணும்."

கிழவி சொன்னா: "நல்ல கதை! எங்களுக்கெல்லாம் நீ வந்தனி. உன்னை நாங்கள் தனிய விடுறதோ?"

பெட்டியில் எல்லாரும் ஓம் ஓம் என்றார்கள். அக்காவைப் பக்கத்தில் இருக்கவிடாமல் மகள் தலைமாட்டில் இருந்தாள். அக்கா பெட்டியின் பின் பலகையில் ஒட்டிக்கொண்டு வந்தா.

ஆசுப்பத்திரியில் ஒரேயொரு டொக்டர், இளம் ஆள். நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார், பிறஷர் பார்த்தார். கட்டிலைச் சுற்றி நாங்கள் நின்றோம்.

"வேற ஏதும் மருந்து எடுத்தனீங்களோ ஐயா? குளிசை, ஊசி, நாட்டு மருந்து?"

அண்ணை எங்களைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார் என்று இப்போது தோன்றுகிறது.

"டொக்டர், இவையளைக் கொஞ்சம் வெளியில நிக்கச் சொல்லுங்கோவன்."

"எல்லாரும் வெளியில போங்கோ" என்றார் டொக்டர். நாங்கள் இரண்டு எட்டுப் பின்னால் போய் நின்றோம். அதுதான் வழக்கம். போகச் சொல்வது டொக்டருடைய வேலை, போகாமல் நிற்பது எங்களுடைய வேலை. எத்தனையோ தரம் அண்ணையும் அப்படித்தான் எங்களோடு நின்றிருக்கிறார். மகள் கட்டிலை விட்டு அசையவேயில்லை. "நான் மகள் டொக்டர். எனக்குத் தெரியாம அப்பாவுக்கு ஒண்டும் இல்லை. சொல்லுங்கோ அப்பா."

அந்த நேரம் வாசலில் காயப்பட்ட ஒருவனைத் தூக்கி வந்தார்கள். டொக்டர் அங்கே திரும்பியபடி, "கெதியாச் சொல்லுங்கோ ஐயா, ஏதும் எடுத்தனீங்களோ?" என்று திரும்பவும் கேட்டார்.

"இல்லை டொக்டர்."

மிஸி நாக்குக்குக் கீழே வைக்கிற குளிசையைக் கொண்டுவந்தா. அண்ணை வாயைத் திறக்கவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு கதவுப் பக்கம் பார்த்தார். கதவடியில் அக்கா நின்றா. அக்கா முன்னுக்கு ஓரடி எடுத்து வைத்தா, ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. அண்ணை தலையை ஆட்டினார். வேண்டாம் என்று. அழவேண்டாம் என்கிறார் என்று நான் நினைத்தேன்.

"நீர் உதில நில்லும்" என்று மகள் அக்காவுக்குச் சொன்னாள்.

மெசின்காரர் குனிந்து அண்ணையின் நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினார். சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னார்: "அண்ணை, உங்கட குளிசைதானே? நீங்கள் எங்களுக்குக் காட்டின அதே குளிசை. நாக்கைத் தூக்குங்கோ. வைச்சாச் சரி."

மெசின்காரருடைய கண்ணில் தண்ணீர் நின்றது. அண்ணை மெசின்காரரைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

கொஞ்ச நேரத்தில் கொட்டாவி விட்டார். கண் இருட்டுது என்றார். மிஸி பிறஷரைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு டொக்டரைக் கூப்பிட்டா. காலைத் தூக்கிப் பிடித்தார்கள், சேலைன் ஏற்றினார்கள், நெஞ்சை அமத்தினார்கள். அப்போதுதான் எங்களை உண்மையாகவே வெளியே தள்ளிக் கதவைப் பூட்டினார்கள். பொழுதுபடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

டொக்டர் வெளியே வந்து அக்காவை மட்டும் ஒரு பக்கம் கூப்பிட்டார். நான் தண்ணீர்க் குழாயடியில் நின்றதால் கேட்டது. "அவர் வேற குளிசை ஏதும் எடுத்தவரோ அம்மா? எனக்கு உண்மையைச் சொல்லுங்கோ, நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்." அக்கா சொன்னா: "இருதயக் குளிசை மட்டும்தான் டொக்டர்." அவர் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

செத்தவீட்டில் மகள் கதறினாள். "என்ர அப்பாவை விழுங்கிப்போட்டாய். முந்தி ஒருத்தனை விழுங்கினது காணாதெண்டு வந்து இவரையும் விழுங்கிப்போட்டாய்." ஒருவரும் அவளை மறிக்கவில்லை. ஊரும் அதைத்தான் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தது. வந்த கால் சரியில்லாதவள், ராசியில்லாதவள் என்றார்கள். காணி மகளுடையது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும் அக்காவைப் போகச் சொன்னாள்.

அக்காவுடைய தமக்கை உடையார்கட்டில் இருந்தா. நான் ஒரு பெட்டியையும் சாக்கையும் என் சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு கூடப் போனேன். காலை நேரம். பாதி வழி வந்தாயிற்று. பிறகு அக்கா நடந்தபடியே, என்னைப் பார்க்காமல் சொல்லத் தொடங்கினா.

"தம்பி, நீங்கள் கதைக்கிற ஆள் இல்லை. அதால சொல்லுறன். அவர் வவுனியாவில ஒரு குளிசை வாங்கினவர். ஆம்பிளையள் போடுறது. கடைக்காரன் சொன்னவனாம், இருதயக் குளிசையோட இது சேரப்படாது எண்டு. அதால மூண்டு நாளாக் காலமைக் குளிசையை விட்டிட்டார். ஏன் போடேல்லை எண்டு கேட்டனான். பத்தியம் எண்டார்."

எனக்கு விளங்கியது. எங்கள் ஆட்களுக்கு மருந்து என்றால் பத்தியம்தான். நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரியார் புது மருந்து தந்தால் பழையதை நிறுத்தச் சொல்லுவார், உடம்பு ஆற இடைவெளி விடச் சொல்லுவார். இரண்டையும் சந்திக்கவிடாமல் பார்த்துக்கொண்டால் சரி என்று அண்ணை நினைத்திருக்கிறார். நிறுத்திய குளிசைதான் நெஞ்சைக் காத்துக்கொண்டிருந்தது என்பது அவருக்குத் தெரியவில்லை. நெஞ்சு பிடித்தால் ஆசுப்பத்திரியில் எதைத் தருவார்கள் என்பதையும் யோசிக்கவில்லை.

"மத்தியானம்தான் அதைப் போட்டவர். நெஞ்சு பிடிச்ச உடன சொன்னவர், நீ வாயைத் திறக்காத, நான் டொக்டரிட்டைத் தனியச் சொல்லுறன் எண்டு. அந்தச் சின்னக் குளிசையை வைக்கக்கூடாதெண்டு அவருக்குத் தெரியும் தம்பி. தெரிஞ்சுதான் வாயைத் திறந்தவர்."

இதில் எனக்கு மிச்சமாய் விளங்காததைப் பல வருடம் கழித்து, வேறு இடத்தில் ஒரு டொக்டரிடம், ஆருக்கோ நடந்ததாகக் கேட்டேன். அந்தச் சின்னக் குளிசையும் ஆம்பிளையள் போடுகிற குளிசையும் இரத்தக் குழாயைத் தளர்த்துகிற மருந்துகள், ஓர் உடம்பில் ஒன்றாகச் சேர்ந்தால் பிறஷர் அடியோடு விழுந்துவிடும் என்றார். ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்தக் குளிசையைக் கொடுத்திருக்கமாட்டோம், வேறு வழியாகப் பார்த்திருப்போம் என்றார். பிழைத்திருப்பாரோ என்று கேட்டேன். பிழைக்க இடமிருந்தது என்றார்.

அன்றைக்கு வழியில் நான் அக்காவிடம் வேறு ஒன்றுதான் கேட்டேன், கேட்டது எனக்கே ஆச்சரியம். "மகளுக்கு இதைச் சொல்லலாமே அக்கா? உங்களைத்தானே பேசுகினம்."

"சொன்னா, தேத்தண்ணிக் கடையில அவரை என்னெண்டு கதைப்பினம்?"

நான் சைக்கிளை உருட்டினேன்.

"நான் கேக்கேல்லைத் தம்பி" என்று அக்கா சொன்னா. "ஒருநாளும் கேக்கேல்லை. எனக்கு அது வேணும் எண்டு இருக்கேல்லை. பக்கத்து அறையில ஒரு ஆள் இருமுற சத்தம் கேட்டாக் காணும் எண்டுதான் வந்தனான். அதை அவரிட்டைச் சொல்ல எனக்கும் வெக்கமாக் கிடந்தது."

தமக்கையின் வீட்டுப் படலையடியில் நாலைந்து பெண்கள் கூடியிருந்தார்கள். தமக்கை வந்து கட்டிப்பிடித்து அழுதா. அழுது முடிந்ததும் கேட்டா: "நெஞ்சு வருத்தம் எண்டு தெரிஞ்ச ஆள்தானே? நேரத்துக்குக் கொண்டு போகேல்லையோ?"

மெசின் உடனே வந்தது. டொக்டர் உடனே பார்த்தார். கட்டிலைச் சுற்றி நிற்க இடமில்லாத அளவுக்கு ஆட்கள் இருந்தோம். நான் சாக்குக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டு நின்றேன்.

"இல்லை அக்கா" என்று எங்கள் அக்கா தமக்கைக்குச் சொன்னா, எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக. "என்ர பிழைதான். நித்திரையாக்கும் எண்டு விட்டிட்டன். நான்தான் பிந்திப்போனன்."